குவான் யினுக்கு நேர்ந்துகொண்ட சேவல்

பினாங்கில் நான் மூட்டை தூக்கும் அரிசிக் கிடங்குக்கு எதிரே ஒரு புத்தர் கோயில். உள்ளே குவான் யின் என்றொரு அம்மன். நாக்கைத் துருத்தவில்லை, கையில் சூலமில்லை. சின்னக் குடுவையோடு சிரித்தபடி நிற்கிறாள். சீனர்கள் தேநீரும் ஆரஞ்சும் படைக்கிறார்கள். ஆயுதமில்லாத அம்மன் யாரைக் காப்பாற்றுவாள் என்று எனக்கு ஒரே கவலை. ஊரில் மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பிள்ளை தங்கவில்லை.

எங்கள் ஊர் குருபரப்பள்ளியில் வாக்குக் கேட்க மாரியம்மன் தோளில் பூ வைப்போம். வலப்பக்கம் விழுந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கன்னடக்காரர், தெலுங்குக்காரர், நாங்கள் எல்லாருமே அப்படித்தான் கேட்போம். அவளும் சாமியாடி வாயில் மூன்று பாஷையிலும் மிரட்டுவாள். இங்கே பிறை போன்ற இரண்டு மரக்கட்டைகளைத் தரையில் போடுகிறார்கள். நான் போட்டதும் இரண்டும் மல்லாந்தன. அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தமாம். பிரசவத்தைப் பற்றிக் கேட்டால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பயந்துபோய் ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன். ஊரில் காரியம் முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள். முன்பே கொடுத்துவிட்டால் அவளுக்கும் ஒரு பொறுப்பு வரும் என்று நினைத்தேன்.

சந்தையில் சேவல் வாங்கி, காலைக் கட்டி, அரிவாளைக் காகிதத்தில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். கிடங்குக் கூட்டாளி, போச்சம்பள்ளி முனுசாமியும் துணைக்கு வந்தான். அவனுக்குக் கொஞ்சம் சீனம் வரும். கோயிலைப் பெருக்கும் பெண்மணி சேவலைப் பார்த்ததும் ஓடிவந்தாள். அதன் கால்கட்டை அவிழ்த்து முற்றத்தில் விட்டாள். கும்பிட வந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு கைகூப்பினார்கள். விவரம் புரியாமல் நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

"அறுக்கற உசுர வாங்கியாந்து விடுதல பண்ணினியாம். பெரிய தர்மப்பிரபுங்கறாங்க," என்றான் முனுசாமி. "இடுப்புல இருக்கறத மட்டும் வெளிய எடுக்காத."

"அப்ப வேண்டுதல்?"

"அவ கவுச்சி தொடாத சாமிப்பா. ரத்தத்தக் காட்டினா எழுந்து போயிருவா."

"அவ போயிட்டா பிரசவத்த யாரு பாக்கறது?"

அவன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடுக்காத பலிக்கு எந்த அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று தெரியாமல் இரண்டு பேரிடமும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று தகவல் வந்தது. ஊரில் என் அம்மா மாரியம்மனுக்குச் சேவல் அறுத்து, ஊருக்கே குழம்பு ஊற்றினாளாம். இங்கே கோயில்காரர்கள் எல்லாம் குவான் யின் கருணை என்கிறார்கள். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டேன்.

மகளை நான் இன்னும் பார்க்கவில்லை. வளர்ந்திருப்பாள். நான் ஞாயிறுதோறும் ஒரு பிடி அரிசியோடு கோயிலுக்குப் போகிறேன். முற்றத்துக் கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டு, சேவல் ஓடிவருகிறது.