கடலுக்குள் கண் திறந்த செங்கோடன்

என் தம்பி செங்கோடனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவன் மூச்சைப் பற்றித்தான் பேசுவார்கள். சங்ககிரிப் பக்கம் எந்தக் கிணற்றில் குடம் விழுந்தாலும், மோட்டார் குழாயின் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வெற்றிலையை மென்று துப்புகிற நேரம் தண்ணீருக்கடியிலேயே கிடப்பான். நான் சொல்ல வந்தது மூச்சைப் பற்றி இல்லை, கண்ணைப் பற்றி. கடலைக் கண்டு அவன் பயந்தான் என்று ஊரில் இன்னமும் சிலர் சொல்கிறார்கள். படகில் இருந்தவள் நான். நான் சொல்கிறபடிதான் இது இருக்க வேண்டும்.

கிணற்றுச் சேற்றில் கண்ணுக்கு வேலையே கிடையாது. கால்விரலால் துழாவித்தான் தேடுவான். பக்கத்து வீட்டு வசந்தாமணியின் மூக்குத்தித் திருகாணியைக்கூட அப்படித்தான் எடுத்துக் கொடுத்தான். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை கிணற்று மேட்டில் நின்று எங்கள் வீட்டு ஆள்தான் பிடிக்க வேண்டும். தோட்டத்துக்காரர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கொடுக்கமாட்டான். "அவுங்க சோறு வந்துருச்சுன்னா கயித்த உட்டுப்போட்டுப் போயிருவாங்க அக்கா," என்பான். முதலில் எங்கள் அப்பா பிடித்தார். அவருக்குப் பிறகு நான்.

என் மகள் கமலவேணி சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியாரம்மா. சூரமங்கலத்தில் குடியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் யாரும் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. இவள் என்னடாவென்றால், புளியங்கொட்டை அளவு இருக்கிற கடல் பூச்சிகளைப் பற்றி ஐந்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி. ஓடில்லாத ஒரு நத்தை. முதுகில் சின்னப் பூ மாதிரி இருக்குமாம். செத்தது ஒன்று ஸ்பிரிட் பாட்டிலில் இருந்தது, வெளுத்துப்போய். உயிரோடு இருக்கும்போது அது என்ன நிறம் என்று ஒருவருக்கும் தெரியாது. அதைப் பார்த்து வரையாமல் அவள் எழுத்து நிறைவாகாது.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்து, கிணறெல்லாம் வறண்டு கிடந்தபோது, மண்டபம் என்கிற கடற்கரை ஊரில் அவளுக்கு ஒரு படகும் காற்றுச் சிலிண்டரும் மூன்று நாளைக்குக் கிடைத்தன. சிறுவயதில் காதில் சீழ் வடிந்தவள் என்பதால் அவள் முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஊர் சூசை என்பவர் முங்குவதாக ஏற்பாடு. துணைக்கு இன்னொருவர் இல்லாமல் இறங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வருவதாகச் சொன்ன பையனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

"மாமா, நீங்க வாரீங்களா?" என்று கேட்டாள்.

"தாய்மாமன் சீர் இன்னும் பாக்கி கெடக்குது. பூச்சியப் புடிச்சுக் குடுத்துக் கழிச்சுக்கறேன்," என்று சிரித்தான்.

பத்து நாள் முன்னாலேயே போய்ப் பழகினான். மூச்சை அடக்கக் கூடாது, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் முதல் பாடம். முப்பது வருஷப் பழக்கத்தை அரை நாளில் மாற்றிக்கொண்டான். ஆம்பளைகளோடு பெண் தனியாகப் படகில் போவதா என்று அவள் அப்பா முறைத்தார். நானும் போகிறேன் என்றேன். சோறாக்கும் சாமான்களைக் கிணற்றுக் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் இறங்கினார்கள். அரை மணி கழித்து மேலே வந்த செங்கோடனின் கையெல்லாம் ரத்தக் கீறல். ஒரு விரல் வீங்கியிருந்தது.

"என்னங்க மாமா பாத்தீங்க?"

"ஒண்ணு முறம் மாதிரி சொரசொரன்னு இருந்துது கண்ணு. ஒண்ணு வழவழன்னு..."

"நிறமுங்க மாமா? நிறம்?"

சூசை முகக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நிறம் எப்படித் தெரியும்? அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுல்ல தடவிக்கிட்டு இருந்தாரு! பழகுனப்ப கடல் கலங்கக் கெடந்துச்சு, எனக்கும் வெளங்கல."

படகே சிரித்தது. தான் கண்ணை மூடியிருந்தது செங்கோடனுக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கமலவேணி மட்டும் சிரிக்கவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம், கரையில் நான் மீன் போடாத ஒரு குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, சின்னாயி ஞாபகம் இருக்குதா?"

இல்லாமலா? எழுபத்தொன்றில் காளியண்ணன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்தவள். அவளை எடுத்துவர இறங்கியவன் இவன். கயிறு பிடித்தவள் நான்.

"அன்னிக்குத் தண்ணி தெளிவா இருந்துதுக்கா. கண்ணைத் தொறந்தேன். அவ தலைமயிரு விரிஞ்சு ஆடிட்டு இருந்துது. கண்ணு தொறந்தே இருந்துது. என்னையே பாத்தா."

பன்னிரண்டு வருஷமாக இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது என் தப்புத்தான்.

இரண்டாம் நாள் கண்ணைத் திறந்தேதான் இறங்கினான். போன வேகத்தில் திரும்பி வந்து படகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். கீழே பாசி நீளநீளமாக ஆடுகிறதாம். பெண்பிள்ளை தலைமயிர் மாதிரியே ஆடுகிறதாம். கமலவேணி அவன் முதுகைத் தடவி, "வேண்டாமுங்க மாமா. நாம ஊட்டுக்குப் போயிரலாமுங்க," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த வார்த்தையைக் கேட்டு அவன் முகம் செத்துப்போயிற்று.

மூன்றாம் நாள் காலை நான் சோற்றுச் சாமானை அவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு படகில் ஏறினேன்.

சூசை பதறினார். "ஆத்தா, இது கெணறு இல்ல. கயிறு பாறையில மாட்டிக்கிடும்."

"மாட்டுனா நீ எடுத்து உடு. கூடத்தானே போற?"

"சிலிண்டர்ல காத்து இருக்கு, கயிறு எதுக்கு?"

"காத்துக்கு இல்ல சாமி. அவன் எங்க ஊட்டுக் கயிறு இல்லாம எறங்குனதே கெடையாது. அத மறந்துபோட்டு அனுப்புனது நாந்தான். கட்டாம எறங்க உடமாட்டேன்."

கடைசியில் அவரே முடிச்சுப் போட்டார். நான் தம்பியிடம் சொன்னேன்: "கண்ணைத் தொறந்தீன்னா ஒரு இழு. தூக்கோணும்னா ரெண்டு இழு. நான் இங்கதான் இருக்கறேன்."

மூன்று ஆள் ஆழம் இருக்கும். படகு கண்டபடி ஆடியது. நான் கயிற்றை மட்டும் விடவில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஒரு இழுப்பு.

"தொறந்துட்டான்," என்றேன். கமலவேணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஏழு எண்ணினேன். எதற்கு இத்தனை என்று எனக்குப் புரியவில்லை. திடீரென்று அடுத்தடுத்து இரண்டு, வெடுக் வெடுக்கென்று. அவ்வளவுதான், கிணற்று மேட்டில் நிற்கிற மாதிரி காலை ஊன்றி இழுத்தேன். செங்கோடன் தலை வெளியே வந்தது. வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிக்கொண்டு கத்தினான்.

"ஏனக்கா இழுத்தே?"

"நீதானடா ரெண்டு இழுத்தே!"

"அந்த நத்தை ரெண்டு இருந்துதுக்கா! புருஷன் பொஞ்சாதியாட்ட ஒட்டிக்கிட்டு! ஒவ்வொண்ணாப் பாக்கப் பாக்க உனக்குச் சொல்லீட்டு வந்தேன். குச்சி மாதிரி மீனு ஒண்ணு, குதிரை மூஞ்சி ஒண்ணு... அந்தப் பாட்டிலக் குடு, போயிரப் போவுது!"

பின்னாலேயே வந்த சூசை என்னை ஏசினார். இப்படி வெடுக்கென்று இழுத்தால் நெஞ்சு வெடித்துவிடுமாம். எனக்கு அது தெரியாது. செங்கோடன் அதையெல்லாம் காதில் வாங்காமல் பாட்டிலோடு முங்கிவிட்டான்.

ஒன்று போதும் என்றாள் கமலவேணி. ஒன்றைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவர அவனுக்கு மனசு வரவில்லை. இரண்டும் வந்தன. படகு நிழலில் வைத்துப் பார்த்தோம். உடம்பு மயில் கழுத்து நீலம், ஓரத்தில் மஞ்சள் கிழங்கை அரைத்துக் கோடு இழுத்த மாதிரி, முதுகில் சிவப்பாக ஒரு பூ. அது விரிந்து விரிந்து மூடியது. கமலவேணி மூன்று தாளில் வரைந்து தீட்டினாள். சாயங்காலம் செங்கோடன் அவற்றைப் பிடித்த பாறையிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

அந்தத் தடவையும் இடுப்பில் கயிறு இருந்தது. கீழே போனதும் ஒரு இழுப்பு வந்தது. நானும் பதிலுக்கு ஒன்று இழுத்தேன், மெதுவாக.