காசில்லாத சரக்குக்கு ஒரு ரேக்

இலவசமாகக் கிடைப்பதை விற்றுப் பிழைக்கிற தொழில் ஒன்று உலகத்தில் உண்டென்றால், அது என்னுடையதுதான். சிம்மக்கல்லில் ரபீக் அண்ணனும் நானும் கூட்டாக ஒரு கடை வைத்திருக்கிறோம். அவர் பக்கம் செல்போன் ரிப்பேர். எப்போதும் கூட்டம் நெரியும். என் பக்கம் ஒரே ஒரு ரேக். யாரும் எடுத்துக்கொள்ளலாம், இஷ்டப்படி மாற்றலாம் என்று எழுதியவர்களே விட்டுவிட்ட, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ். அதேபோல் சர்க்யூட் வரைபடத்தை ஒளிக்காமல் வெளியிட்ட, மோட்டார் மாதிரியானவற்றைத் தானே போட்டு நிறுத்துகிற சின்னச் சின்ன கன்ட்ரோலர் போர்டுகள். அவற்றுக்கான சென்சார், வயர். இந்தக் கிறுக்கு உங்களுக்கும் இருந்தால் வீட்டில் என்ன திட்டு விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கடையிலும் விழும்.

தை மாதம் ரபீக் அண்ணன் கெடு வைத்தார். ரேக் போய்விட்டால் நானும் அவரோடு சேர்ந்து உடைந்த டிஸ்பிளேக்களை மாற்றிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அவர் சொன்னது இது:

"சித்திரைத் திருவிழா வரைக்கும் பாப்போம் தங்கச்சி. அதுக்குள்ள உன் ரேக்கு அசையலேன்னா அதுல செல்போன் கவரைத் தொங்க விட்டுருவேன்."

ஒரிஜினல்

ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் ஒருவர் வில்லாபுரத்திலிருந்து தன் பழைய லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆன் செய்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் முழுதாகத் திறக்காதாம். லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பட்டென்று திறந்தது. தமிழில் டைப் அடித்துப் பார்த்துச் சிரித்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது இலவசம் சார், போட்ட கூலி மட்டும் போதும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மனிதருக்கு முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "டூப்ளிகேட்டாம்மா?" என்றார். சட்டப்படி யாரும் காப்பி எடுக்கலாம் என்று நான் விளக்க விளக்க, அவருடைய சந்தேகம் வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டுக்கொள்வதாகச் சொல்லி லாப்டாப்பை மூடினார். அது மட்டும் ஒரிஜினலா என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் எப்பவும் ஒரிஜினல்தாம்மா. எங்க தெருத் தம்பி ஒருத்தன் பென் டிரைவுல வச்சிருக்கான். தெரு முழுக்க அவன்தான் போட்டு விடுவான்."

கழுவி வைத்த கம்பி

சோழவந்தான் பாண்டி ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்தவர். பிழைப்பு வெற்றிலைக் கொடிக்கால். வெற்றிலைக்கு எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அதற்காக அவருக்கு ஒரு போர்டு செய்தேன். மண்ணில் குத்தி வைக்கிற கம்பி மண் காய்ந்ததைக் கண்டால் மோட்டாரைப் போடும், ஈரத்தைக் கண்டால் நிறுத்தும். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கொடிக்காலுக்குள் போய் நானே குத்தி வைத்துவிட்டு, பெருமையோடு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் போன். கொடிக்கு இடையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. அடித்துப் பிடித்து ஓடினேன். பாண்டியும் அவர் மனைவி முத்துமாரியும் வரப்பை வெட்டி வடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடத்து உழைப்பு கண் முன்னால் ஊறிக் கிடந்தது. நான் குத்திய இடத்தில் கம்பியைக் காணோம். தேடினால், மோட்டார் ரூம் சுவரில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் பளபளவென்று தொங்குகிறது. காற்றில் தொங்கினால் அதற்கு எல்லாமே வறட்சிதானே? விடிய விடிய மோட்டாரை ஓட விட்டிருக்கிறது. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். பாண்டி என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார்.

"வேல முடிஞ்சா எந்தச் சாமானையும் கழுவி எடுத்து வைக்கணும்லக்கா. மண்ணுக்குள்ளயே கெடந்தா துருப்பிடிச்சுப் போகாது?"

காப்பி

அங்கேயே லாப்டாப்பை விரித்தேன். மண் எவ்வளவு காய்ந்தாலும் கொஞ்சம் ஈரம் காட்டும், காற்று காட்டாது. அதனால் ஈரமே இல்லையென்றால் மோட்டாரைப் போடாதே என்று புரோகிராமில் சேர்த்தேன். புரோகிராமைப் பூட்டி வைத்த மெஷினாக இருந்தால் கம்பெனிக்காரர் வரும்வரை கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். பாண்டி பக்கத்தில் குத்தவைத்து எந்த வரி எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த மாற்றத்தை அவரே டைப் அடித்தார். நல்லவேளை, கொடியும் பிழைத்துக்கொண்டது.

கொஞ்ச நாளில் ரபீக் அண்ணன் காதுக்கு ஒரு செய்தி வந்தது. பாண்டி கையில் கிடைத்த பழைய சாமானை வைத்து அதே போர்டைத் தானே செய்து அக்கம்பக்கத்துக் கொடிக்கால்களுக்குக் கொடுக்கிறாராம். அண்ணன் கொதித்தார். நானும் இன்னொருவர் வெளியிட்டதிலிருந்துதானே எடுத்தேன், யாரையும் தடுக்கக்கூடாது என்று வீறாப்பாகச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. பங்குனி முடியப்போகிறது, ரேக்கில் தூசி. அண்ணன் விடவில்லை.

"எல்லாரும் அவுகளே செஞ்சுக்கிட்டா, நாம எதுக்குத் தங்கச்சி காலங்காத்தால ஷட்டரைத் தூக்கணும்?"

கவர் மூட்டை

சித்திரைத் திருவிழாவுக்குக் கோயிலில் கொடியேறிய வாரமே செல்போன் கவர் மூட்டை வந்து இறங்கிவிட்டது. ரேக்கிலிருந்த போர்டுகளை அட்டைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது. தூசி என்று சொல்லிக்கொண்டேன். அப்போது பாண்டியும் முத்துமாரியும் உள்ளே வந்தார்கள். பின்னாலேயே இன்னும் சில கொடிக்கால்காரர்கள்.

முத்துமாரி பையிலிருந்து ஒரு போர்டை எடுத்து என் கையில் வைத்தார். என்னுடையதேதான், ஆனால் கம்பி இருந்த இடத்தில் பழைய பேட்டரி செல்லுக்குள் இருக்கும் கரிக்குச்சி. "இது துருப்பிடிக்காதுக்கா. மண்ணுலயே கெடக்கட்டும்" என்றார். ஈயம் வைத்துப் பற்றவைத்ததும் அவர்தானாம். பிசிறில்லாமல் இருந்தது. நான் கொடுத்தது என்னைவிட நன்றாகத் திரும்பி வந்திருக்கிறது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்தக் கடையில் அதுவரை கிடைத்ததில்லை. கையிலிருந்த பழைய சாமான் தீர்ந்துவிட்டதாம். வந்தவர்கள் அட்டைப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து போர்டும் மோட்டாரைப் போடுகிற ரிலேயும் வயருமாகப் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

ரபீக் அண்ணன் மெதுவாக வந்து நின்றார். "தம்பி, பழுதாச்சுன்னா எங்ககிட்டதான வருவீங்க?" என்று கேட்டார். "அது எதுக்குண்ணே? நாங்களே பாத்துக்குவோம். சாமான் தீந்தா மட்டும் வாரோம்" என்றார் பாண்டி. அண்ணன் காலியாகிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்படி ஒரு யாவாரத்தை நான் எங்கயும் பாத்ததில்ல தங்கச்சி. சரி, ரேக்கு இருக்கட்டும். கவரை என் பக்கமே தொங்க விட்டுக்கிறேன்."

இனிமேல் நீங்கள் தேவையில்லை என்று சொல்வதற்கென்றே வாடிக்கையாளர் கடைக்கு வந்து, போகும்போது பை நிறையச் சாமானும் வாங்கிப் போகிறார் என்றால், அது லாபமா நஷ்டமா என்று விவரம் தெரிந்த யாராவது எனக்குச் சொல்லுங்களேன்.