தமிழ் படிச்சி இன்னா பண்ணுவ?

இலக்கியம் படிப்பது சுலபமான வேலை. அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமான வேலை. பி.ஏ. தமிழ் எடுத்துவிட்டு, கல்யாண வீட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் பஸ் ஸ்டாண்டிலும் இந்தக் கேள்விக்கு அசடு வழிந்த அத்தனை பேரும் எனக்கு உறவுக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கச்சிராயபாளையம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். தினமும் டவுன் பஸ் ஏறி கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் படித்தேன். மூன்றாம் வருஷம் தொடங்கியதுமே மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், திருப்பூர் பனியன் கம்பெனியில் எனக்கு ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டார். எனக்கோ எம்.ஏ. படிக்க ஆசை. கதை எழுதவும் ஆசை, ஆனால் அதை வெளியில் சொல்ல வெட்கம். அப்பா எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு வழி சொன்னார். "தமிழ் படிச்சி இன்னா பண்ணுவன்னு எனக்குப் புரியற மாரி ஒருதரம் சொல்லிடு பாப்பா. உங்க மாமன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அந்த வருஷம் முழுக்க அந்தப் பதிலைத்தான் தேடினேன். தேடிய லட்சணத்தைக் கேளுங்கள்.

மலையில் நடுச்சாமம்

முதலில் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். வகுப்பில் மேடம் குறிஞ்சித் திணை நடத்தினார். மலையும் மலை சார்ந்த இடமும். அதற்குரிய பொழுது யாமம். ஊரெல்லாம் தூங்கிய பிறகு தலைவன் இருட்டில் காட்டாற்றைக் கடந்து, புலிக்கும் கரடிக்கும் பயப்படாமல் தலைவியைப் பார்க்க வருவான். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. எங்கள் வாசலில் நின்றாலே கல்வராயன் மலை தெரியும். இத்தனை நாளும் அதைப் பார்த்து, மழை வருமா வராதா என்று மட்டும்தான் யோசித்திருக்கிறோம். இப்படி ஒரு காதல் அங்கே நடந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னால் போதும், விளங்கிவிடும் என்று மனசுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டேன்.

எங்கள் வகுப்பில் பூங்கொடி என்று ஒருத்தி. வெள்ளிமலைக்காரி, ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். மலையிலேயே பிறந்தவள் ஒருத்தி வகுப்பில் இருப்பது மேடத்துக்குப் பெருமை. "நீ சொல்லும்மா, உங்க ஊர்ல அந்த நேரம் எப்படி இருக்கும்? தலைவன் வர்ற வழி எப்படி இருக்கும்?" என்று ஆசையாகக் கேட்டார். பூங்கொடி எழுந்து நின்று கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள். அப்புறம் சொன்னாள்:

"அந்த நேரத்துல எவன் மேடம் வருவான்? சாயங்காலம் பஸ்ஸு போச்சின்னா அப்புறம் காலையிலதான். நடந்து வந்தான்னா கரடி கடிச்சிடும், அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவவும் வண்டி இருக்காது."

வாழ்த்து மடல்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் வாழ்த்து மடல் உண்டு. மாப்பிள்ளையின் சேக்காளிகளும் சொந்தக்காரர்களும் பொண்ணு மாப்பிள்ளையைப் பற்றிக் கவிதை எழுதி, பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் கொடுப்பார்கள். மைக்கில் படிக்கவும் செய்வார்கள். நைனார்பாளையத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். "நம்ம பொண்ணு தமிழ்தானே படிக்குது" என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. அப்பா வேறு வரப்போகிறார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்?

அந்தச் சமயம் மேடம் எங்களுக்கு எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்ததை எழுது, சொல்லைக் குறை, அலங்காரத்தைக் கழி. நானும் ராப்பகலாக யோசித்துக் கழித்தேன். மாப்பிள்ளை டிராக்டர் ஓட்டுகிறவர் என்று எழுதினேன். பெண் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள், இனிமேல் மூட வேண்டாம் என்று எழுதினேன். அவ்வளவுதான் மடல். இப்போது படித்தாலும் எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது. மேடையில் அதைப் படித்து முடித்ததும் ஒருவரும் கை தட்டவில்லை. இன்னும் இருக்கிறது என்று காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கைக் கையால் மூடக்கூடச் செய்யாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னாமா இது, சூரியன் இல்ல, சந்திரன் இல்ல, ஒரு முத்து பவழம்கூட இல்ல? வாழ்த்து மடல் கேட்டா வாக்காளர் அட்டை மாரி எழுதினு வந்துகிற?"

எந்தப் பக்கம் கடல்?

பட்ட பிறகாவது புத்தி வர வேண்டுமே. மனிதர்களுக்குச் சூரியனும் சந்திரனும்தான் வேண்டும் என்று புரிந்துகொண்டேன். கல்லூரி ஆண்டு மலருக்குக் கதை கேட்டார்கள். நம் பெயர் அச்சில் வந்தால் அப்பாவிடம் காட்டலாம். கதாநாயகியை மாடி பால்கனியில் நிறுத்தினேன். எதிரே கடல். பவுர்ணமி. அலைகள் அவள் சோகத்தைப் பாடின. முத்தையும் பவழத்தையும் வஞ்சனை இல்லாமல் போட்டேன். கடைசியில் அவள் அழுதாள், நிலவும் அழுதது.

மேடம் கதையை முழுவதும் படித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்பப் பொறுமையாகக் கேட்டார்:

"கச்சிராயபாளையத்துல கடல் எந்தப் பக்கம்மா இருக்கு? கோமுகி டேமுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

டவுன் பஸ்ஸில் ஒரு சாவு

மேடத்துக்கு வேண்டியது சித்தப்பாவுக்கு வேண்டாம். சித்தப்பாவுக்கு வேண்டியது மேடத்துக்கு ஆகாது. எழுதுவதை விட்டுவிட்டுப் பேசாமல் படிப்போம் என்று நூலகத்தில் ஒரு நாவல் எடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தேன். அதில் பாடுபட்டுப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒருத்தி, நல்ல காலம் வந்த சமயத்தில் செத்துப் போகிறாள். எனக்குத் தாங்கவில்லை. தாவணியை வாயில் அடைத்துக்கொண்டும் விசும்பல் நிற்கவில்லை.

பக்கத்தில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பதறிப் போனார். "இன்னா கண்ணு, இன்னா ஆச்சு?" என்றார். "செத்துட்டாங்க" என்றேன். "அய்யய்யோ, எந்த ஊரு?" என்று என் முதுகைத் தடவினார். முன்சீட்டுக்காரர்களும் திரும்பினார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார். பொய் சொல்லத் தெரியாமல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். "கதையிலங்க." அந்த அம்மாவின் கை என் முதுகிலேயே நின்றது. எடுப்பதா வேண்டாமா என்று அவருக்கே குழப்பம். பிறகு சொன்னார்:

"இல்லாதவ செத்ததுக்கே இந்த அழுவையா? அப்ப இருக்கறவங்களுக்கு இன்னா மிச்சம் வெப்ப?"

வெள்ளிக்கிழமையும் அதுவுமாக

கடைசிப் பருவத்தில் களப்பணி என்று ஒன்று உண்டு. ஊரில் வழங்கும் பாட்டுகளைச் சேகரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் டிகிரி இல்லை. ஒருத்திக்குத் தாலாட்டு, ஒருத்திக்கு நடவுப் பாட்டு என்று பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது ஒப்பாரி. கையில் பேனாவும் தாளுமாக எங்கள் தெருவில் அஞ்சலை அத்தை வீட்டுக்குப் போனேன். எந்தச் சாவு விழுந்தாலும் அத்தை வந்து உட்கார்ந்தால்தான் அழுகை களை கட்டும். அத்தை அப்போதுதான் வாசல் தெளித்து, விளக்கேற்றிவிட்டு நின்றார். "அத்தை, ஒரு ஒப்பாரி பாடேன், எழுதிக்கறேன்" என்றேன்.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரிச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் யாராவது போய்விடுவார்கள். எங்கள் ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் களப்பணி என்று தாளில் எழுதியதும் ஒப்பாரி எனக்குப் பாடமாகிவிட்டது, சாவு ஞாபகத்துக்கு வரவில்லை. அத்தை என்னைத் தெருமுனை வரை விரட்டினார். "வெளக்கு வெச்ச வூட்ல வந்து யாரைக் கொல்லப் பாக்கறடி?" என்று கேட்டது மூன்று தெருவுக்குக் கேட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அப்பா மட்டும் விஷயத்தை நிதானமாகக் கேட்டார். பாட்டு இல்லை என்றால் பாஸ் இல்லை, பாஸ் இல்லை என்றால் எம்.ஏ. இல்லை என்று அழுதேன். அவர் கரும்புத் தோகை கிழித்த கையைத் துண்டில் துடைத்தார். பிறகு எழுந்து வாசலில் துண்டை உதறி விரித்தார்:

"சாவு வுழுந்தா பாடக்கூடாதுன்னு சொல்ல மாட்டாங்க இல்ல? நான் வேணா கொஞ்ச நேரம் கண்ணை மூடினு படுத்துக்கறேன். அஞ்சலை வந்து பாடட்டும், நீ எழுதிக்கோ."

இன்னொரு தரம்

அப்பா படுப்பதற்குள் அம்மா அந்தத் துண்டைப் பிடுங்கி அவர் மேலேயே நாலு சாத்து சாத்தினார். அந்த ஆவேசத்திலேயே என்னைப் பார்த்து, "வாடி" என்றார். ஊரை விட்டு வெளியே, கோமுகி வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீடு இல்லை, விளக்கு இல்லை, அங்கே பாடலாம். பாடி முடித்து வாய்க்காலில் கை கால் முகம் கழுவிக்கொண்டு திரும்பினால் தோஷமில்லை.

அம்மா பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது. முதலில் ஒப்புக்குத்தான் ஆரம்பித்தார். "எழுதினியா, எழுதினியா" என்று இடையில் கேட்டுக்கொண்டார். அப்புறம் கேட்பது நின்றது. குரல் மாறியது. என் சித்தியை நினைத்துப் பாடுகிறார் என்று புரிந்தது. சித்தி, அம்மாவுக்கு அடுத்தவர். கல்யாணமான வருஷமே பிரசவத்தில் போய்விட்டார். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"வாய்க்கா தண்ணி வருது, வாழைக்குப் பாயுது,
வந்து பாரு தங்கச்சி, வழி மறந்து போனியாடி"

அம்மாவைப் பிடித்துக்கொள்வதா, பேனாவைப் பிடித்துக்கொள்வதா? பிடித்துக்கொண்டால் பாட்டு நின்றுவிடும். எழுதினால் நான் என்ன ஜென்மம்? இந்தக் குழப்பத்தில் அடுத்த வரியைத் தவறவிட்டேன். தவறவிட்டது மட்டும்தான் அந்த நேரம் என் மண்டையில் ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துக் கேட்கவில்லை, வாய் தானாகக் கேட்டுவிட்டது. "ம்மா, அந்தக் கடைசி வரி இன்னொரு தரம்."

அம்மா பாட்டை நிறுத்தினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

"நானு கூடப் பொறந்தவள நெனச்சி அழுதுக்கினு இருக்கறன். நீ இன்னொரு தரம் அழுவுன்னு கேக்கற. எங்கிருந்துடி வந்து என் வயித்துல பொறந்த?"

கொட்டகையோரம்

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பாட்டை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் கை கேட்கவில்லை. அஞ்சலை அத்தை விரட்டியது, அப்பா துண்டை விரித்தது, அம்மா அழுதது, நான் இன்னொரு தரம் கேட்டது எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதினேன். சூரியனும் வரவில்லை, கடலும் வரவில்லை. மேடம் படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உங்க அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்டார். இது பாராட்டா, விசாரிப்பா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் வாசலிலேயே அம்மா மறித்தார். "எழுத்துல இருந்தாலும் ஒப்பாரி ஒப்பாரிதான். வூட்டுக்குள்ள எடுத்தாந்தீன்னா காலை ஒடிப்பன்." தாள்களை ஆட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கரும்பு வெட்டு இல்லை. மாமா வேறு திருப்பூருக்கு எப்போது கிளம்புவது என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அப்பா கொட்டகையோரம் வந்து குந்தினார். "அதுல இன்னாதான் எழுதின, படி கேப்பம்" என்றார். அம்மா ஆட்டுக்குத் தழை போடுகிற சாக்கில் அங்கேயே நின்றார்.

படித்தேன். துண்டு விரித்த இடத்தில் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், நான்டா அது" என்று ஆட்டிடம் சொன்னார். வாய்க்கால் கரை வந்ததும் சிரிப்பு நின்றது. வாய்க்கா தண்ணி வருது என்று நான் படித்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். படித்து முடித்ததும் அம்மாதான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து எல்லோர் காலிலும் ஊற்றினார்.

"பாப்பா, இது எல்லாம் நம்ம வூட்டு சங்கதிதானே?" என்றார் அப்பா. "நான் கண்ணால பாத்ததுதான். அன்னிக்கி எனக்கு அழுவ வரல. நீ படிக்கறப்ப ஏன் வருது?"

அந்த வருஷம் முழுக்க நான் தேடிய பதிலைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். நன்றாகத் தெரிகிறது. ஆனால் வாயில் ஒன்றும் இல்லை. திருப்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது போலவே எனக்கு ஆகிவிட்டது. "தெரியலப்பா" என்றேன், அழுகையோடு. "நெஜமா எனக்கும் தெரியல."

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாமா அனுப்பிய ஆள் இன்னும் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் போவதற்கு முன் திரும்பிச் சொன்னார்:

"அது ஏன்னு தெரியற வரைக்கும் படி."

ஆகவே சகோதர சகோதரிகளே, எம்.ஏ. முதலாம் ஆண்டில் இருக்கிறேன், அது ஏன் என்று சீக்கிரமாகத் தெரிந்து தொலைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஜாக்கிரதையாகப் படித்துவருகிறேன்.