ஏர்கோனில் தூங்கிய கறிவேப்பிலை

ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிய பேருந்தில் அன்று டிரைவர், தூங்கி வழிந்த ஒரு சீன அம்மா, இரண்டு நேபாளத் தொழிலாளர்கள், நான், என் பக்கத்து இருக்கைக்காரர், அவ்வளவு பேர்தான். அவர் மலையில் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு ஜாகா, காவல் வேலை. நரைத்த மீசை, பெரிய கைகள், மடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. ஒவ்வொரு வளைவிலும் நான் பயந்துபோய் முன் கம்பியைப் பிடித்தேன். அவர் கன்றைப் பொத்திக்கொண்டார்.

"அங்க குளுருல செத்துருமேண்ணே," என்றேன்.

"மூணு செத்துருச்சுலா. கறிவேப்பில தழைக்காத ஊருக்குக் குடிவர மாட்டேன்னு வீட்டுக்காரி ஈப்போவுலயே ஒக்காந்திருக்கா. நான் அங்க தனியாப் பொங்கித் திங்கிறேன்."

"இது மட்டும் பொழைக்குமா?"

"குளுருக்குப் பழக்கியாச்சு தம்பி. ஒரு மாசமா ஏர்கோன் ரூம்லதான் தூங்குது. அவ ஹால்ல பாய் போட்டுப் படுத்துக்கிட்டா."

மலைமேல் முதல் ஊரான கம்போங் ராஜாவில் வண்டி நின்றது. கன்றை என்னிடம் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போனார். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அப்படியும் ஓர் இலை என் மடியில் விழுந்தது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தவர், "நல்லாருக்குல்ல?" என்றார்.

"நல்லாருக்குண்ணே."

உடனே மனைவிக்குப் போன் போட்டார். "குளுரு ஏறிருச்சு, ஒம்புள்ள அசையவே இல்ல. துணிமணிய எடுத்து வையி."

அந்தக் கன்று பிழைத்ததா, தெரியாது. அதற்குத் தன் அறையையே விட்டுக்கொடுத்த அவர் மனைவி, அது பட்டுப்போனாலும் பெட்டியோடு மலை ஏறியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.