நெஞ்சு வருத்தம்

அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தெரியாது என்று சொன்னேன். அதனால் ஒரு பெண்மணியின் இதயம் பாதி செயலிழந்து போயிற்று.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். நீ என்னைத் தேற்ற வேண்டாம்... கேட்டால் போதும்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறை. நீலகிரியில் அரவேணுவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் சிறு மருத்துவமனையில் இரண்டு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சமூகப்பணி படிக்கிறவளுக்கு இதைவிட நல்ல இடம் எது! என்னோடு சேர்ந்தவள் கீர்த்தனா, கோயம்புத்தூர்ப் பெண். நல்லவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் மருத்துவர் அம்மா எந்த ஊர் என்று கேட்டார். "குன்னூருங்க மேடம். அப்பா ஒரு ஆபீஸ்ல இருக்காருங்க" என்றேன். அப்பா தேயிலை ஃபேக்டரி ஆபீசுக்கு வாட்ச்மேன். பத்தாம் வகுப்பு வரை நான் வளர்ந்தது லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் தோட்டத்து வீடுகளில். அம்மா சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். பள்ளியில் என்னைச் 'சிலோன்காரி' என்றார்கள். அந்தப் பெயரைக் கழற்றிப் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! வாய்க்கு வாய் 'ங்க' போடப் பழகினேன். அம்மாவின் சொற்களை ஒவ்வொன்றாக விட்டேன்.

மருத்துவமனையில் எங்கள் வேலை எளிது. வருகிறவரிடம் என்ன தொந்தரவு என்று கேட்டுச் சீட்டு எழுத வேண்டும். உடம்புக்கு என்றால் மஞ்சள் சீட்டு. உடனே மருத்துவர் பார்ப்பார். மனக்கவலை என்றால் பச்சைச் சீட்டு. வியாழக்கிழமை மட்டும் வரும் ஆலோசகர் பார்ப்பார்.

இரண்டாம் வாரத் திங்கட்கிழமை ராக்கம்மா வந்தார். அறுபதை நெருங்கிய வயது. கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். என் எதிரே உட்கார்ந்ததும் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ எந்தத் தோட்டத்துப் புள்ள? பாத்தா நம்ம புள்ள மாதிரி இருக்கே."

நம்ம புள்ள... கீர்த்தனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று.

"இல்லீங்க, நான் குன்னூருங்க. சொல்லுங்க, என்ன பண்ணுது?"

"ரெண்டு நாளா நெஞ்சு வருத்தம் புள்ள."

எங்கள் வீட்டில் வருத்தம் என்றால் நோய். அம்மாவுக்கு இருப்பது சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். காய்ச்சல் வந்தாலும் வருத்தந்தான். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை!

கீர்த்தனாவுக்கோ வருத்தம் என்றால் துக்கம். சட்டென்று இளகிப்போனாள். "ஏனுங்கம்மா, ஊட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"வீட்டுல என்ன பிரச்சன? மக திருப்பூர்ல வேல செய்யுது. நான் தனியாத்தான் கெடக்கேன்."

கீர்த்தனா என் காதருகே குனிந்தாள். "பாவம், தனியா இருக்காங்க. மனசு கஷ்டம்னுதானே சொல்றாங்க? இல்ல, இந்தப் பக்கம் அதுக்கு வேற அர்த்தம் இருக்குதா? உனக்குத் தெரியுமா?"

கேட்டாள்! நேராக என்னைத்தான் கேட்டாள்! 'நோய்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் உனக்கெப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பாளே... நான் அப்பவே சொன்னேனே என்று ராக்கம்மா சிரிப்பாரே...

"தெரியலையே" என்றேன்.

கீர்த்தனா பச்சைச் சீட்டு எழுதினாள். "வியாழக்கிழமை வாங்கம்மா, ஒரு மேடம் வருவாங்க. மனசு விட்டுப் பேசலாம்." ராக்கம்மா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். மருத்துவர் அறையின் கதவு பத்தடி தூரத்தில் திறந்தே இருந்தது.

ஏன் பின்னாலேயே ஓடிப்போய்க் கூப்பிடவில்லை? அன்று மாலையாவது மருத்துவரிடம் சொல்லியிருக்கலாமே? மறுநாள்? வெறும் வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

புதன்கிழமை, இலை நிறுக்கும் இடத்தில், முதுகுச் சுமையோடு அவர் விழுந்தார். தோட்டத்து ஜீப்பில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்றார்கள். உயிர் தங்கியது. இனி மேடு ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீலகிரியில் மேடு ஏறாமல் எங்கே போவது! வீட்டிலிருந்து யாரும் தோட்ட வேலைக்குப் போகாவிட்டால் லயத்து வீடு கைவிட்டுப் போகும். மகள் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

மருத்துவர் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கோபப்படக்கூட இல்லை. "சிலோன்ல இருந்து வந்தவங்க நோயத்தான் வருத்தம்னு சொல்லுவாங்கம்மா. ரெண்டு பேருக்குமே தெரியலையா?"

"நான்தான் மேடம் சீட்டு எழுதினேன். என் தப்பு" என்று கீர்த்தனா அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தவர்கள் அதை வேதனை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாரமே அவள் பயிற்சியை விட்டுப் போனாள். நான் இரண்டு மாதமும் இருந்தேன். 'மக்களோடு எளிதில் பழகுகிறவர்' என்று சான்றிதழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்!

என் கடைசி வாரத்தில் ராக்கம்மா மறுபரிசோதனைக்கு வந்தார். மகளின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்து, என் எதிரே மெல்ல உட்கார்ந்தார். இன்று சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்...

அவர் முந்திக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, பாடம் ஒப்பிப்பவரைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நெஞ்சு... வலிங்க. இப்பக் கொஞ்சம் கொறஞ்சிருக்குங்க."

என்னிடம் 'ங்க' போட்டார்!

"அன்னைக்கி நாந்தான் சரியாச் சொல்லல. எங்க பேச்சு ஒங்களுக்கெல்லாம் வெளங்காதுன்னு மக சொல்லிச்சு. மன்னிச்சிக்குங்க."

புள்ள என்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. நான் எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். "பரவாயில்லீங்க" என்றேன்.

கேட்டாயா? அவரை நான் மன்னித்து அனுப்பினேன்!

அவருடைய லயம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரம். இன்னும் நான் போகவில்லை.