சல்லடையும் சுற்றறிக்கையும்

எப்படி அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அளந்தால், கையில் கிடைப்பது உண்மையா, ஒத்திகையா? தணிக்கை அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது.

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் சல்லடை. அரசுத் துறைகள் விட்ட லட்சக்கணக்கான டெண்டர்களைச் சலிக்கும் நிரலை எழுதியவர் அவர். போட்டிக்கு ஒரே ஒருவர் வந்து அவருக்கே வேலை போயிருந்தால், ஊழலுக்கு வாய்ப்பு அதிகம் என்று திரையில் சிவப்பு விழும். பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பலித்தது. முதல் ஆண்டு திரை முழுக்கச் சிவப்பு.

இயக்குநர் நேர்மையானவர், அதுதான் தொல்லை. "சொல்லாம கொள்ளாம மார்க் போடறது நியாயமில்ல" என்று, மதிப்பெண் போடும் முறையை எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பிவிட்டார். மறு ஆண்டு திரை பச்சைப்பசேல் என்றிருந்தது. எந்த டெண்டரைத் திறந்தாலும் மூன்று பேர்.

"பாத்தீங்களாம்மா, ஊழல் பாதியா கொறஞ்சிருச்சு!"

"கொறயல சார். துணைக்கு ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்திருக்கு."

இயக்குநர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெண் போட்டியாளர்களின் தொலைபேசி எண்களை ஒப்பிட்டார். பல டெண்டர்களில், தோற்ற இரண்டு கம்பெனிகளுக்கும் எண் ஒன்றே. அப்படிச் சிக்கிய எண்களில் ஒன்று அவருக்கு மனப்பாடம். தம்பியின் எண்.

அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனார்.

"நான் எந்த வேலையும் எடுக்கலக்கா. தோக்கறதுக்குத்தான் பேரு குடுத்தேன். தோத்தவன் மேலயுமா கேஸு?"

"தோக்கறதுக்குச் சம்பளம் வாங்கற மொத ஆளு நீதான்டா."

"கிண்டல் பண்ணாத. நான் உள்ள போனா எம் புள்ளைங்கள யாரு பாப்பா? அந்தச் சல்லடைய கொஞ்ச நாள் ஆட்டாம வையேன்."

மறுநாள், எண்களைக் காட்டாமல், போட்டியாளர்களின் எண்களை ஒப்பிட்டுச் சோதிக்கலாம் என்று மட்டும் இயக்குநரிடம் சொன்னார்.

"அருமைம்மா! அடுத்த வருஷம் சேத்துருவோம். ஆனா முறைப்படி மொதல்ல சுற்றறிக்கை. நீங்களே எழுதிடுங்க."

மேசையில் தலையை முட்டிக்கொள்ளாத குறை. சுற்றறிக்கை போனால் எல்லோரும் எண்ணை மாற்றிக்கொள்வார்கள். தம்பியும் தப்பித்துவிடுவான். மேலதிகாரி சொன்னதைச் செய்தவரை யாரும் குறை சொல்லவும் முடியாது.

அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. சோதனையை ஓட்டி, வந்த எண்களை அப்படியே லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்கு அனுப்பினார். தம்பியின் எண்ணும் அதில் இருந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று இயக்குநர் விளக்கம் கேட்டார். தம்பி மனைவியும் வாசலில் நின்று அதையேதான் கேட்டாள்.