வருஷக் கடைசி முதுகுவலி

என் மகனுக்குப் பதினோரு மாதம் முதுகு என்று ஒன்று இருப்பதே தெரியாது. பன்னிரண்டாம் மாதம் பிறந்ததும் அது முறிந்துவிடும். வாளி, குவளை, துடைப்பம் விற்கிற கடை அவனுடையது. பாதி ஷட்டரை இறக்கி, உள்ளே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, யார் வந்தாலும் "அடுத்த மாசம் வாங்க" என்று முனகுவான்.

முதல் வருஷம் நானும் பதறிப்போய் மூன்று வேளையும் எண்ணெய் தேய்த்துவிட்டேன். எண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம். பிறகுதான் மருமகள் விஷயத்தைச் சொன்னாள். வருஷத்து விற்பனை அரசாங்கம் போட்ட கோட்டைத் தாண்டினால் விற்பனை வரிக்குப் பதிவு செய்ய வேண்டுமாம். மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டுமாம். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் வந்ததும் இவன் படுத்துவிடுகிறான். கடை பெரிதாகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிற பிறவியைப் பெற்றவள் நான். அவன் மட்டுமா? எதிர்க்கடைப் பூட்டுக்காரருக்கு அதே மாதம் காய்ச்சல். மூலைக்கடைப் பெயிண்ட்காரருக்குத் தலைசுற்றல்.

போன வருஷம் அந்த மாதத்தில் விடுதிக்காரம்மா வண்டியோடு வந்து இறங்கினார். முந்நூறு வாளி வேண்டும், இன்றே வேண்டும். கொடுத்தால் வருஷா வருஷம் இங்கேதான். இல்லையென்றால் இனிமேல் நேரே கம்பெனியில் வாங்கிக்கொள்வாராம். கடையைப் பெரிதாக்கலாம் என்று ஆறு வருஷமாகக் கெஞ்சுகிற மருமகளுக்குக் கண் மின்னியது. பாயிலிருந்து முனகல் பலமானது.

அந்த நேரம் பார்த்து வரி ஆபீஸ் பெண் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தது. கையில் ஒரு படம். எந்த அளவு விற்பனையில் எத்தனை கடை என்று கம்பம் கம்பமாகப் போட்டிருந்தது. எழுத்து தெரியாத எனக்கே புரிந்தது. சின்னச் சின்னக் கம்பமாக வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் புகைபோக்கி உயரத்துக்கு ஒன்று நிற்கிறது. அந்தப் பக்கம் பொட்டல்.

"வருஷா வருஷம் இந்தக் கம்பம்தான் வளருது. இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஒரே மாசத்துல உடம்புக்கு வருதே, என்ன வியாதி பாட்டி?"

"படுத்திருக்கானே, அவனையே கேளும்மா" என்றேன். பொய் சொல்லுகிற வயதா எனக்கு?

மருமகள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள். "ஏங்க, வாளிய ஏத்தச் சொல்லிட்டேன். பதிவு பண்ணிக்கலாம். கடை என் பேர்லதானே இருக்கு?"

சாமர்த்தியம் என்று நினைத்துக் கடையை அவள் பேரில் போட்டவனே அவன்தான். பாயிலிருந்து அம்பு மாதிரி எழுந்து ஓடி, வண்டியில் ஏற்றிய வாளிகளை நாற்பது நாற்பதாகத் தோளில் சுமந்து திரும்பக் கடைக்குள்ளே கொண்டுவந்தான். மூன்று நடை. நாலாவது நடையில்தான் தெருவே தன்னைப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. பூட்டுக்காரர் காய்ச்சலை மறந்து வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"முதுகு தேவலையா சார்?" என்றது அந்தப் பெண்.

எல்லா வாளியும் விடுதிக்குப் போயிற்று. கடை பதிவாயிற்று. மருமகளுக்கு வியாபாரம் பார்க்கவே நேரம் போதவில்லை. அதனால் மாதத்தில் மூன்று நாள் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து ரசீது அடுக்குகிறவன் இவன்தான். போன வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அம்மா, நிஜமாவே வலிக்குதும்மா. கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சு விடேன்."

"அடுத்த மாசம் வாங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.